மூணு மாச ஊசி

கல்யாணப் பத்திரிகையின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, தறிக்கூடத்திலேயே வெற்றிலை பாக்கோடு நீட்டினார் இராஜமாணிக்கம். அதை வாங்கிய சூசைமேரி விரித்து முகூர்த்தத் தேதியைத் தேடினாள்.

“பங்குனி கடைசியில முகூர்த்தம், நர்ஸம்மா. எங்க ஆதிலட்சுமிக்கு ஊசி போட்டவங்க நீங்க. அவசியம் வரணும்.”

ஊசி போட்டதுதான் இப்போது வினையாகியிருந்தது. வேலூரிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சிக் குழு ஆரணிப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ மாணவிகளுக்கு ஒரு புதுத் தடுப்பூசியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. மாசி மாதம் பெண்கள் வரிசையாக வந்து கையை நீட்ட, ரத்தம் எடுத்து ஊசி போட்டவள் அந்தக் குழுவின் நர்ஸ் சூசைமேரி. போட்டால் மூன்று மாதத்துக்குக் கர்ப்பம் ஆகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள்தானே, அந்தக் கவலை எதற்கு என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆரணியில் தை பிறந்தால் தரகர்களும் புறப்பட்டுவிடுவார்கள் என்பதை வேலூரில் யாரும் யோசிக்கவில்லை.

“அண்ணே, கல்யாணத்த ஒரு மூணு மாசம் தள்ளி வெக்க முடியுமா?”

இராஜமாணிக்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஏன்?”

“கல்யாணம் நடக்கலாம். ஆனா அந்த ஊசி போட்டா மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்.”

“என்னா ஜாக்கிரதை?”

பெண்ணைப் பெற்ற தகப்பனிடம், அதுவும் பக்கத்துத் தறிகளில் நாலு ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும்போது, இதை எப்படி விளக்குவது? சூசைமேரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “அது வந்து... புள்ள கிள்ள உண்டாகாம...”

அதுவரை தடதடத்துக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

“அப்பிடிப் போடு!” என்றார் பக்கத்துத் தறி துரைக்கண்ணு. “எமர்ஜென்சியில குடும்பக் கட்டுப்பாடுன்னு ஆம்பளைங்களப் புடிச்சிகினு போனாங்க. இப்ப பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே போட்டுட்டாங்களா?”

“ஐயோ, இது அந்த ஊசி இல்லிங்க! ஜெர்மன் தட்டம்மை வராம இருக்கப் போடறது!”

பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் வந்து பார்த்தபோது இராஜமாணிக்கம் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அவர் மனைவி சின்னம்மாள் அம்மனுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொசப்பாளையத்துத் தெருவே அந்த வாசலை ஒதுக்கிவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தது. ஆதிலட்சுமி மட்டும் உள்ளே சுவரில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“வேப்பிலைய எடுத்துடுங்கம்மா. ஒங்க பொண்ணுக்கு அம்மையே இல்ல.”

“நீங்கதானே சொன்னீங்க?”

“அது வராம இருக்கத்தான் ஊசி. அதுல இருக்கறது ரொம்ப பலவீனமான கிருமி. அதுங்கூட சண்ட போட்டு உடம்பு பழகிக்கும். அப்பறம் நெஜமான நோவு வந்தாக்கூட ஒண்ணும் செய்யாது.”

“கிருமியா? உயிரோடவா?”

பொய் சொல்லக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “ஆமாம்மா. உயிரோடதான்.”

சின்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏன், செத்த கிருமி ஒண்ணும் அம்புடலியா ஒங்களுக்கு?”

சாயங்காலத்துக்குள் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பொண்ணு உடம்பில் உயிரோடு என்னமோ ஓடிக்கினு இருக்குதாம், தொட்டால் ஒட்டிக்குமாம், ஒட்டினால் வம்சமே விளங்காதாம்.

“கல்யாணம் நின்னுபோனா நீங்கதான் பொறுப்பு” என்று இராஜமாணிக்கம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குரல் உடைந்து சொன்னதுதான் சூசைமேரியை உலுக்கியது. விதி எழுதியவர்கள் வேலூரில் மின்விசிறிக்கு அடியில் இருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் வாழ்க்கையோ இங்கே அந்தரத்தில் தொங்குகிறது. மறுநாள் காலையில் துணைக்குக்கூட ஆள் இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தாள்.

மாப்பிள்ளையின் பெயர் சம்பந்தம், அரிசி மில்லில் ஃபிட்டர். அவனுடைய தாய் விருத்தாம்பாளைப் பற்றித் தெருவில் கேட்டவர்கள் எல்லாம், “பார்த்துப் பேசும்மா” என்று மட்டுமே சொன்னார்கள். அந்த அம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“பொண்ணு நல்லா இருக்கான்னு சொல்ல வந்தியா? நல்லா இருக்கற பொண்ணுக்கு நர்ஸு எதுக்கு சாட்சி சொல்ல வரணும்?”

அதற்கு மேல் சுற்றி வளைக்க சூசைமேரிக்குத் தெம்பில்லை. படியிலேயே உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

“இது பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத நோவும்மா. ரெண்டு நாள் ஜுரம், செவப்பா பொரியும், போயிடும். ஆனா மாசமா இருக்கற மொத ரெண்டு மூணு மாசத்துல வந்துச்சுன்னா வயித்துல இருக்கற குழந்தையப் பாதிக்கும். கண்ணு தெரியாம, காது கேக்காமப் பொறக்கும். அது நடக்கக் கூடாதுன்னுதான் கல்யாணத்துக்கு முன்னாடியே ஊசி போடறோம். அந்த ஊசியிலயும் அதே கிருமிதான், பலம் கொறைச்சி வெச்சிருக்கு. அதனாலதான் மூணு மாசம் தள்ளிப் போடச் சொல்றோம்.”

விருத்தாம்பாளும் படியில் உட்கார்ந்தாள்.

“செவப்பா பொரியுமா?”

“ஆமாம்மா.”

“சம்பந்தத்துக்கு மூத்தது ஒண்ணு. பொண்ணு. பொறக்கும்போதே ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்திருந்திச்சி. தட்டு கீழ வுழுந்தாலும் திரும்பாது. நாலு வயசு வரைக்கும் இருந்தா.” அவள் குரல் கரடுமுரடாகவே இருந்தது. “கிரகணத்துல வெளிய போனேன்னு எம் மாமியா சொன்னா. ஊரு சொன்னிச்சி. நான் போவல. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, போயிருப்பனோன்னு எனக்கே ஆயிடுச்சி. அவ வயித்துல தங்கின பங்குனியில எனக்கு ஒடம்பு பூரா செவப்பா பொரிஞ்சிதுன்னு யாருகிட்ட சொல்றது? யாரும் கேக்கல.”

சூசைமேரி மெதுவாகச் சொன்னாள்: “உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்றதப் பார்த்தா அதுவாத்தான் இருக்கும்னு தோணுது. உங்க மேல தப்பில்ல.”

விருத்தாம்பாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கையில் மோர் இருந்தது.

“மூணு மாசம் என்னா, அதுக்கு மேல ஆனாலும் ஆவட்டும். குடி.”

கல்யாணம் வைகாசிக் கடைசிக்குப் போனது. வேப்பிலை காய்ந்து உதிர்ந்தது. துரைக்கண்ணுகூட, “படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பேச ஆரம்பித்தார். ஆதிலட்சுமி பரீட்சை எழுதி முடித்தாள். சித்திரையில் சூசைமேரி வீட்டுக்கே போய், சின்னம்மாள் அவளை இறுகப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பிவிட்டு, மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றினாள்.

கொஞ்ச நாளில் ஆராய்ச்சிக் குழுவின் டாக்டர் கிருபாகரன் கூப்பிட்டு அனுப்பினார்.

“எல்லாப் பொண்ணுங்க ரத்தத்துலயும் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கு. அந்தக் கல்யாணப் பொண்ணு ரத்தத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல. ஊசி பிடிக்கவே இல்ல. அன்னிக்கு ஐஸ் சரியா வெச்சிருந்தீங்களா?”

“வெச்சிருந்தேன் டாக்டர்.”

“பின்ன எப்படி? லிஸ்ட்ல அவதான் கடைசி. அந்நேரம் ஊசி மருந்துப் பெட்டிய வெயில்ல வெச்சீங்களா?”

அன்றைக்குப் பெட்டியை எங்கே வைத்தோம் என்று சூசைமேரி யோசித்தாள். யோசிக்க யோசிக்க, வெயிலில்தான் வைத்திருந்தோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது.

“இன்னொரு ஊசி போடணும்” என்றார் டாக்டர். “போட்ட நாளிலேர்ந்து மறுபடி மூணு மாசம்.”

மனசில்லாமல்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு மறுபடி போனாள். சொன்னதும் இராஜமாணிக்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “மண்டபத்துக்கு அட்வான்ஸு குடுத்தாச்சி, நர்ஸம்மா! பேஜாரா போச்சே!” சின்னம்மாள் சம்பந்திக்கு எப்படிச் சொல்வது என்று அழுதாள். சம்பந்தியோ, சேதி கேட்டதும் நேராகப் புறப்பட்டு வந்துவிட்டாள்.

“போட்டுத்தான் ஆவணும்” என்றாள் விருத்தாம்பாள். “இதுக்கு நடுவுல ஆடி வேற வருது, எப்பிடியும் கல்யாணம் பண்ண மாட்டோம். ஆவணியில வெச்சிக்கலாம். ஆதிலட்சுமி, இன்னா சொல்ற?”

ஆதிலட்சுமிக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, வருங்கால மாமியாரின் தோளைப் பிடித்தபடி கையை நீட்டினாள். ஊசி இறங்கியபோது வீல் என்று கத்தினாள். இந்த முறை சூசைமேரி ஐஸ் பெட்டியை மடியை விட்டுக் கீழே இறக்கவில்லை.

ரத்தத்தில் பிடித்துவிட்டது என்று ஆடி மாதம் வேலூரிலிருந்து தகவல் வந்தது. ஆவணியில் கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. ஆதிலட்சுமி பரீட்சையில் பாஸாகியிருந்தாள், டீச்சர் டிரெயினிங்கில் சேர அவளுக்கு இடமும் கிடைத்திருந்தது. விருத்தாம்பாள் வருகிறவர்களிடமெல்லாம், “எங்க மருமவ டீச்சரு ஆவப் போறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பந்தி முடிந்து சூசைமேரி கிளம்பும்போது, தாம்பூலப் பையோடு சம்பந்தமே வாசல்வரை வந்தான். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் நாலு வார்த்தை பேசியதில்லை.

“மன்னிச்சிடுங்க தம்பி” என்றாள் அவள். “என்னாலதான் ரெண்டு தடவ தள்ளிப் போச்சு. அன்னிக்கு அந்தப் பெட்டிய ஒழுங்கா நெழல்ல வெச்சிருந்தா, மொத ஊசியே பிடிச்சிருக்கும்.”

சம்பந்தம் பின்னால் திரும்பி மணமேடையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பெட்டி மேல பழி போடாதீங்க சிஸ்டர். ஊசின்னா இவளுக்கு உயிர் போயிடும், அதனால அன்னிக்கி இவ சினேகிதிதான் இவ பேரச் சொல்லிகினு திரும்பவும் வரிசையில வந்து இன்னொரு கையையும் நீட்டுனாளாம். கல்யாணம் தள்ளுதுன்னதும் எங்கிட்ட வந்து உண்மையச் சொல்லி அழுதா, கல்யாணச் சந்தடியில எங்க படிப்பா, பரீட்ச முடியற வரைக்கும் வாயத் தெறக்காதன்னு சொன்னதே நான்தான்.”