டைம் கீப்பரின் ராத்திரி டூட்டி

பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட தகப்பன் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். பெயர் என்னவோ இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருக்கு அடுத்த போர்ஷனில் நான் குடியிருந்தேன் என்பதால் என் தூக்கமும் கூடவே போயிற்று.

மனைவியின் செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ், "ராத்திரில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி பால் குடுக்கணும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அது போதாதா அவருக்கு? மறுநாள் சுவரில் ஒரு டைம் ஷீட் தொங்கியது. பத்து மணி பால், பத்து இருபது ஏப்பம், பத்து முப்பது துணி மாற்றல், பத்து நாற்பது தூக்கம். மறுபடி பன்னிரண்டுக்குப் பால். கடைசியில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் வேறு. பிறக்காத குழந்தை அதில் என்ன எழுதும் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஒத்திகை. மூன்று கிலோ மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நைந்த வேட்டியில் சுற்றி வைத்திருப்பார். செல்போன் அலாரம் அடித்ததும் எழுந்து, அதைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே வராந்தாவில் நடப்பார். எட்டிப் பார்த்த பாவத்துக்கு என் கையிலும் ஒருநாள் கொடுத்துவிட்டார்.

"கழுத்தத் தாங்கிப் புடிங்க சார். இன்னும் நிக்கல."

ஒரு வாரம் கழித்துத் தராசும் கையுமாக வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெயிட் கொறஞ்சிக்கினே வருது சார். அரைக் கிலோ எறங்கிடுச்சி."

பின்னாலேயே வந்த அவர் மனைவி, "பசி தாங்கல சார். நான்தான் வறுத்துத் துன்னுட்டேன்" என்றார்.

கண்டாச்சிபுரத்திலிருந்து அவர் மாமியார் வந்தார். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினார். டைம் கீப்பர் தன் டைம் ஷீட்டை மடித்து நீட்டினார். மாமியார் அதைத் தொடக்கூட இல்லை.

"ராத்திரில ஆம்பளைங்க புள்ள தூக்கற பழக்கம் எங்க ஊட்ல இல்ல மாப்ள. நீங்க வந்தா வெளி ரூம்ல நிம்மதியா தூங்குங்க."

அன்று மாலை அவர் என்னிடம் சொன்னதைக் கேட்டதும், ஒத்திகைக் குற்றங்கள் அத்தனையையும் மன்னித்துவிட்டேன்.

"எங்கப்பா நைட் சர்வீஸ் டிரைவர் சார். நான் முழிச்சிக்கினு இருந்தா அவரு தூங்குவாரு, நான் தூங்கனா அவரு வண்டில இருப்பாரு. எம் புள்ள ராத்திரி கண்ணத் தொறந்தா என் மூஞ்சி தெரியணும்."

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. லீவு போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார் அவர். பத்தாம் நாள் நான் பார்க்கப் போனபோது மாமியாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே அளவில் கண் சிவந்திருந்தது. ராத்திரியில் கதவுக்கு உள்ளே ஒருவர் விழித்திருந்தார், வெளியே ஒருவர் விழித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஊர் நர்சம்மா வந்தார்.

"ராத்திரி எத்தினி வாட்டி பால் குடிச்சிது? எத்தினி வாட்டி துணி நனைச்சிது?"

பெற்றவளுக்கு நினைவில்லை. மாமியார் யோசித்துவிட்டு, "குடிச்சிக்கினேதாம்மா இருந்துச்சி" என்றார்.

டைம் கீப்பர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"ஏழு தடவ அழுதுது மேடம். பதினொன்னு பத்து, பன்னெண்டே முக்கால், ரெண்டு அஞ்சி..." என்று கடைசிவரை படித்தார். "சத்தம் நின்னா பால் குடிக்குதுன்னு எழுதிக்கினேன். ஈரத்துணிய விடிஞ்சதும் கொடில எண்ணிட்டேன், எட்டு. நம்ம ஷீட்டு டைமுக்கு ஒன்னுகூட ஒத்து வரல."

நர்சம்மா சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பினார்.

"கதவுக்கு வெளிய குந்திக்கினா இத்தினியும் எழுதினாரு? உள்ள விட்டா இன்னாம்மா கெட்டுப்போவுது? நீங்களும் செத்த நேரம் கண்ண மூடலாம் இல்ல."

நான் ஊர் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் போன் செய்தேன். முதல் அழுகைக்கே மாமியார் கதவைத் திறந்து குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

"அப்புறம் எத்தனை மணிக்குத் தூங்கினாள்?" என்று கேட்டேன். அவரிடம் வேறு என்ன கேட்பது?

"டைம் பாக்கல சார். அது என்னியே பாத்துக்கினு இருந்துச்சி. நானும் அதையே பாத்துக்கினு இருந்துட்டேன்."

கேலி செய்யத்தான் போன் செய்திருந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்திருப்பேன்.