ஜீப்பின் பூர்வீகம் விசாரிப்பவர்

வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு, வாங்கி விற்கிறவர்கள் உண்டு, வண்டியைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் என்னைப் போன்றவர்களும் உண்டு. இவர்கள் யாரோடும் சேராத நான்காவது இனம் ஒன்று இருக்கிறது. தெருவோரம் ஒரு பழைய ஜீப் நின்றால் போதும், போட்டிருக்கும் சட்டை வெள்ளையா என்றுகூடப் பார்க்காமல், அப்படியே மல்லாந்து அதன் அடியில் புகுந்துவிடும். வெளியே வரும்போது சட்டை முழுக்க கிரீஸ், முகம் முழுக்க ஞானம்.

"இது ஒரிஜினல் இல்லை."

இந்த வாயால் ஒரிஜினல் என்று பெயர் வாங்கிய ஜீப் உலகத்தில் உண்டா? கேட்டால், "ஒண்ணு இருந்தது. நான் பார்க்கிறதுக்குள்ள வித்துட்டாங்க" என்று பதில் வரும்.

எங்கள் தெருவில் இருக்கும் அந்த இனத்துக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் 'பூர்வீகம்'.

என் பக்கத்து வீட்டுக்காரரின் மகள் மாட்டு டாக்டர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் போய்வர ஒரு பழைய ஜீப் வாங்கினாள். வேறெந்த வண்டியும் அந்த மண்பாதையில் ஏறாது. ஜீப் வந்து நின்ற அரைமணி நேரத்தில் டார்ச், கம்பி பிரஷ், பூதக்கண்ணாடி சகிதம் பூர்வீகம் ஆஜர்.

"யாரும்மா இதை உன் தலையில கட்டினது?"

"ஏன் மாமா, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடறது பெரிசில்லம்மா. எது ஓடுதுன்னு தெரிய வேண்டாமா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விசாரணை நடந்தது. முன்பக்கம் ஒரு வருஷத்துது, பின்பக்கம் வேறொரு வருஷத்துது, இன்ஜின் ஒரு குட்டி லாரியினுடையது, கியர்பாக்ஸ் ஏதோ வேனிலிருந்து வந்தது, கதவு யாரோ வீட்டு இரும்பு பீரோவிலிருந்து வெட்டியது என்று தீர்ப்புமேல் தீர்ப்பாக வந்தது. சேஸிஸில் பெயிண்டைச் சுரண்டியபோது ஒரு நம்பர் தெரிந்தது. அதைச் சுரண்டினால் அடியில் இன்னொரு நம்பர்! அன்றைக்கு மனிதர் சாப்பிடவே போகவில்லை.

டாக்டரின் அப்பா முகம், சம்பந்தி வீட்டைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்தவர் முகம்போல ஆகிவிட்டது. "வேண்டாம்மா. நாளைக்கே வித்தவன்கிட்ட திருப்பி விட்டுடலாம்" என்றார். மகளுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் மலையிலிருந்து போன் வந்தது. தலையீற்று மாடு, காலையிலிருந்து கன்று வெளியே வராமல் தவிக்கிறது. மேலே நல்ல மழை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஜீப்புக்கு அடியில் இரண்டு பாதங்கள்.

"மாமா, வெளிய வாங்க. நான் கிளம்பணும்."

"ரெண்டே நிமிஷம்மா. மூணாவதா ஒரு நம்பர் தெரியுது."

"அங்க மாடு சாகக் கிடக்குது மாமா!"

"கடைசி எழுத்து மட்டும்தான் பாக்கி..."

அவள் குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பழகிய கை. அன்று அவள் இழுத்து வெளியே எடுத்த முதல் ஜீவன் அவர்தான்.

ஜீப் போன பிறகு டாக்டரின் அப்பா வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இருட்டுவதற்குச் சற்று முன் ஜீப் திரும்பி வந்தது. நிறமே தெரியாமல் சேறு.

"தாயும் கன்னும் பிழைச்சிடுச்சுப்பா" என்றாள். "பாதி வழியில பாதையே இல்ல, வெறும் தண்ணி. இது ஏறிடுச்சு."

அப்பா சேறு படிந்த பானெட்டைத் தடவிக்கொடுத்தார். திருப்பிவிடும் பேச்சை எடுக்கவில்லை. போய் ரப்பர் குழாயை எடுத்துவந்து, தன் கையாலேயே கழுவ ஆரம்பித்தார்.

பூர்வீகம் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏம்மா, மூணாவது கியர்ல உய்ய்ங்னு ஒரு சத்தம் வந்துதா?"

"வந்துது மாமா."

"பார்த்தியா! அப்ப அது வேன் கியர்பாக்ஸே இல்ல!"

அப்பாவின் கையிலிருந்த குழாய் லேசாகத் திரும்பியது. தெரியாமல்தான் திரும்பியது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

நல்லவேளை, நாம் இப்படி இல்லை என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு வந்தபோது, 'அது எந்தக் கம்பெனி ஜீப், எந்த வருஷத்துது, இந்த ஆள் சொல்லவே இல்லையே' என்று மனசுக்குள் எங்காவது அரித்ததா? அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

கன்று கிடாரி. நன்றாகப் பால் குடிக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.