கொப்புளியம்மா ஊரைவிட்டுப் போக நான் வேண்டிக்கொண்டது

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் எங்கள் ஆட்டையாம்பட்டியில் கொப்புளியம்மாவிடம் வாயைத் திறந்து காட்டாத உயிரே கிடையாது. அந்த அம்மாளைக் கண்டால் மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிடும்.

நெசவுக்குப் பாவு நீட்டுகிற பாவடியின் ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. தாய்மார் வேலையில் இருக்கும்போது சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நெசவுக்காரர்கள் சேர்ந்து போட்டது. அதற்கு வந்தவர்தான் இந்த அம்மாள். களி தின்றாலும் "கொப்புளி" என்பார், தட்டைப்பயறு தின்றாலும் "கொப்புளி" என்பார். வெறும் தண்ணீர் குடித்த பிள்ளையைக்கூட விட்டதில்லை. சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைதோறும் பரீட்சை வேறு. எங்கள் ஊர்க் கைமுறுக்கைப் பிள்ளைகள் கடிக்கிற சத்தம் பாவடியின் மறுகோடிக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் தாய்க்குத்தான் அர்ச்சனை.

"ஏனம்மிணி, புள்ளைய வெல்லத்த அதக்கிட்டே தூங்க உட்டியாக்கும்?"

எனக்கு அந்த அம்மாளைக் கண்டாலே ஆகாது. காரணம் என் மகள் வள்ளி. நாலு வயது. தறியை விட்டு எழுந்து சாயங்காலம் வீட்டுக்குப் போனால், ஓடி வந்து என் மடியைத் துழாவி அச்சுவெல்லத்தை எடுப்பாள். முருகன் எனக்குக் கொடுத்த சுகமே அது ஒன்றுதான். ஒருநாள் அவள் ஓடி வரவில்லை.

"வேண்டாங்கப்பா. கண்ட நேரத்துல இனிப்புத் தின்னா பல்லுல பூச்சி ஊடு கட்டுமாமா."

"ஆரு சொன்னா?"

"கொப்புளியம்மா."

"நான் உன்ற அப்பன்டி!"

"உங்க பல்லுங் கறுப்புங்கப்பா. கூட்டியாரச் சொன்னாங்க."

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாள் பிள்ளைகளையெல்லாம் 'சாமி, சாமி' என்றுதான் கூப்பிடுவார். "சாமி, தின்னாச்சா? அப்பக் கொப்புளி" என்பார். அதில் வந்தது வினை. வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் படைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்து பார்த்தால் என் வெண்கல முருகனைச் சொம்புத் தண்ணீரில் தலைகீழாகப் பிடித்து, வேப்பங்குச்சியால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் வள்ளி.

"கொப்புளி சாமி! துப்பு!"

"அடிப் பாவி, என்னடி பண்ணுற?"

"சாமி இனிப்புத் தின்னுச்சுல்லங்கப்பா?"

என் மனைவி சிரித்தாள். என் பிள்ளைதான் போயிற்று என்றால் என் முருகனுமா?

நேரே கொட்டகைக்குப் போனேன்.

"ஏனுங்க, எம்பட புள்ள நீங்க சொல்றதத்தான் கேக்குது. அப்பன்னு ஒருத்தன் எதுக்குங்க?"

"வாயத் தொறங்க சாமி."

ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அத்தனை பிள்ளைகளும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தன.

"கடவாப் பல்லு ரெண்டும் சொத்தை. வெல்லம் புள்ளைக்கு வாங்குனீங்களா, உங்களுக்கா?"

பாதியை வழியிலேயே நான் தின்றுவிடுவது உண்மைதான். பிள்ளைகள் சிரித்தன. எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சிரித்தது வள்ளி.

அன்றே முருகன் குடியிருக்கும் மோகனூர் மலை இருக்கிற திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். "முருகா, இந்த அம்மாளை வேறு ஊருக்கு அனுப்பிவிடு. முடி இறக்குகிறேன்."

தை பிறந்தது. தங்கள் ஊரிலும் இதேபோல் ஒரு கொட்டகை போட்டிருப்பதாகச் சொல்லித் தம்மம்பட்டிக்காரர்கள் வந்து, அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு போனார்கள். வண்டி ஏறும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு வேப்பங்குச்சியைக் கையில் கொடுத்தார்.

"உங்க வாய்க்குன்னு கொஞ்சம் தடியாப் பாத்து ஒடிச்சது சாமி. பையத் தேயுங்க, ஈறு நோவும்."

குச்சிகளை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் வள்ளி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தேன்? முகத்தை வேட்டியில் புதைத்துக்கொண்டு தேம்பினாள்.

"அப்பா, கொப்புளியம்மா திரும்பி வரோணும்னு சாமிகிட்டக் கேளுங்கப்பா. நீங்க கேட்டா சாமி குடுக்கும்."

சொன்ன வாக்கை மீறக்கூடாதே என்று மோகனூருக்குப் போய்க் காவேரிக் கரையில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன். பாதி மழித்ததும் நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க இப்படி அழுவுறீங்க? வேண்டுதல் பலிக்கலீங்களா?"

"பலிச்சுப் போச்சுங்க" என்றேன்.