உண்மை சொன்னால் மந்திரம் பலிக்கும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை, எங்கள் டிராகன் ஆகிய மூவரும் நலம். டிராகன் நலமாக இருப்பதுதான் இப்போது பிரச்சினை. அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே?

போனில் பேசலாம் என்றால் உங்கள் தங்கை அடுத்த அறையில் இருக்கிறாள், அவள் காது உங்களுக்குத் தெரியாததல்ல. நேற்று மட்டும் திருட்டுத்தனமாக உங்களுக்கு ஒரு செய்தி தட்டிவிட்டேன்: "உங்க தங்கச்சி நாளைக்கு ஒரு பெரிய உண்மையைச் சொல்லப்போறா, என்னன்னு தெரியுமா?" உங்கள் தொழிற்சாலையில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே இந்தக் கடிதம்.

ஞாயிறு மதியங்களில் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நடக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, கதைக்குள் சண்டை போட வேண்டும். கதையை நடத்துபவன் நான். உங்கள் தங்கை சூனியக்காரி. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரும் எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் மந்திரவாதிகள். முதலில் இஷ்டத்துக்கு மந்திரம் போடலாம் என்று விட்டேன். ஏஜென்ட் கதவைத் தட்டுவதற்குப் பதில் கதவை எரித்தார், வழி கேட்பதற்குப் பதில் வழிப்போக்கனை எரித்தார். சரி, தூங்கி எழுந்தால்தான் அடுத்த மந்திரம் என்று விதியை மாற்றினேன். மூவரும் எதிரி கோட்டை வாசலிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், மச்சான். அளவுக்கு மேல் ஆள் ஏறினால் மணி அடிக்க வேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிய விஷயம். மந்திரத்துக்கும் அப்படி ஒரு மணி வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டு, நானே சொந்தமாக ஒரு விதி கண்டுபிடித்தேன். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

விதி இதுதான். மந்திரம் போடுகிறவர் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு சொந்த உண்மையை மேசையில் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எவ்வளவு வாயைப் பிளக்கிறார்களோ அவ்வளவு பலம். சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தால் மந்திரம் முறிந்து, செத்த எதிரி இரட்டைப் பலத்தோடு எழுந்துவிடுவான். எழுதி முடித்துவிட்டு என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

நடந்தது என்ன? அதிகம் மறைத்தவனுக்கே அதிக பலம்! ஏஜென்ட், "நான் வித்த பாலிசியில பாதியை நானே படிச்சதில்லை" என்றார், ஒரு காடே சாம்பல். மருந்துக்கடைக்காரர் பாவம், பச்சைத் தண்ணீர் போன்ற மனிதர், மெழுகுவர்த்தி ஏற்றக்கூட உண்மை தேறவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "சில டாக்டருங்க கையெழுத்து எனக்கும் புரியறதில்லை" என்றார். ஆலங்கட்டி மழை பெய்து ஒரு படையே ஒழிந்தது. அன்றிலிருந்து நாங்கள் மாத்திரை வாங்குவது வேறு கடையில்.

உங்கள் தங்கை மட்டும் ஒரு மந்திரமும் போடவில்லை. சூனியக்காரி துடைப்பத்தால் அடித்தே சண்டை போட்டாள். ஏன் என்று விளையாட்டாகக் கேட்டேன். "சேத்து வெச்சிருக்கேங்க. டிராகன் வரட்டும்" என்றாள். டிராகன்தான் கதையின் கடைசி எதிரி; தூரத்தில் ஊர்களை எரித்துக்கொண்டிருந்ததே தவிர, இவர்கள் முன்னால் இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தாள், மச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னவாக இருக்கும்? என் மீசை பிடிக்கவில்லை என்பதா? எடுத்துவிடுகிறேன். நான் குளிக்கும்போது பாடுவதா? நிறுத்திவிட்டேன். எந்த உண்மையையும் தாங்குவேன், "உங்களோட இருந்தது போதும்" என்பதை மட்டும் தாங்கமாட்டேன். பயமாக இருக்கிறது மச்சான். எதற்கும் இருக்கட்டும் என்று பாத்திரமெல்லாம் நானே கழுவுகிறேன்.

அவளுக்கு மந்திரமே தேவைப்படக் கூடாது என்று டிராகனுக்கு ஜலதோஷம் வரவழைத்தேன். அவள் கண் பரிசோதனை செய்கிறவள் அல்லவா, என்னையே உற்றுப் பார்த்து, "ஏங்க, போன வாரம் ஊரையே எரிச்ச டிராகன் இந்த வாரம் தும்முது?" என்றாள். டிராகனுக்கு மூட்டுவலி கொடுத்தேன். தைலம் வேண்டுமா என்று கேட்டாள். ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் சொல்லும் உண்மை செல்லாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஏஜென்ட் எழுந்து நின்றுவிட்டார். "சார், பாலிசி எடுத்த பிறகு கண்டிஷனை மாத்தக்கூடாது. நானே சொல்றேன்னா பாத்துக்கங்க!"

இன்று மதியம் டிராகன் வெள்ளைக்கொடியோடு வருகிறது. அவள் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டால் பிழைத்தேன். இல்லையென்றால் என் கதி உங்கள் கையில். சின்ன வயதிலிருந்து அவளோடு வளர்ந்தவர் நீங்கள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த விளையாட்டுக்கும் விதி எழுதாமல், நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
பாத்திரம் கழுவிய கையோடு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மாலை. விளையாட்டு முடிந்தது. வெள்ளைக்கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவள் எழுந்து நின்றாள். "என்கிட்ட ரகசியம்னு ஒண்ணுமே இல்லை. சேத்து வெச்சிருக்கேன்னு சும்மா சொன்னேன். உடனே இவரு பாத்திரம் கழுவ ஆரம்பிச்சிட்டாரு, அதைக் கெடுக்க மனசு வரலை" என்றாள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், டிராகன் அங்கேயே விழுந்து செத்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. பதில் வேண்டாம், படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

இன்னொரு பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் செய்தி வந்தது. "அய்யய்யோ மாப்பிள்ளை, சொல்லிட்டாளா? ரெண்டுல எதை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் விதிப்படி டிராகன் எழுந்துவிட்டது, மச்சான். மேசையில் இருந்த யாருக்கும் இன்னும் தெரியாது. அவள் சமையலறையில் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். நான் பாத்திரம் கழுவப் போகிறேன்.