எல்லாம் மூளைதான் என்பவர்

பணக்காரர்களில் பல ரகம் உண்டு. இருப்பதைக் காட்டிக்கொள்கிறவர், ஒளித்துக்கொள்கிறவர், இருப்பதே மறந்துபோனவர். அவர்களையெல்லாம் விடுங்கள். நாம் பார்க்கப்போவது, பணத்துக்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்புகிற பணக்காரரை. பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம், தனி அறை, குளிர்சாதனம், பாதாம் பால், பாடத்துக்கு ஒரு மாஸ்டர், மின்சாரம் போனால் இன்வெர்ட்டர், தலைவலி வந்தால் டாக்டர், தேர்வு வந்தால் காளிகாட் கோயிலில் அர்ச்சனை என்று எல்லாம் செய்துவிட்டு, நெற்றிப்பொட்டில் ஆள்காட்டி விரலால் தட்டி, "எல்லாம் இதுதான் சார், இது!" என்பார். பொய் சொல்கிறாரா? இல்லை. பொய் சொல்கிறவர்களைத் திருத்திவிடலாம்.

அர்ஜுனன் இந்த இனத்தை முதன்முதலில் சந்தித்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், தென் கல்கத்தாவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பரிசளிப்பு விழாவில். அவன் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. இதை யாரும் கேட்காமலே இரண்டாவது வாக்கியத்தில் சொல்லிவிடுவான். கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, மத்திய சர்க்கார் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்திருந்தான். மேடையில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தவர் பாலிகஞ்ச் மஹாதேவன். தேயிலை ஏற்றுமதி செய்பவர். அப்பாவின் கம்பெனியில் வெறும் மேனேஜராகச் சேர்ந்து, சொந்த உழைப்பாலேயே முதலாளி ஆனவர்.

"ஏழை பணக்காரன்கிறதெல்லாம் படிப்புக்குக் கிடையாது! மூளை இருக்கறவன் தெருவிளக்குல உக்காந்து படிச்சுட்டு மேல வந்துடுவான்!" என்று முழங்கினார்.

தெருவிளக்கில் படிக்க முதலில் தெருவில் விளக்கு வேண்டும். அர்ஜுனன் ஊருக்குக் கம்பம் ஒரு தேர்தலுக்கு வந்தது. பல்பு அடுத்த தேர்தலுக்கு. இருந்தாலும் கைதட்டினான். அடுத்து காபி என்று சொல்லியிருந்தார்கள்.

காபிக் கூட்டத்தில் மஹாதேவனே அவனைத் தேடி வந்தார். "நீங்க மேத்ஸ் எம்.எஸ்ஸி.யாமே? எங்க பிள்ளை குரு ப்ளஸ் ஒன் படிக்கறான். ஆத்துக்கு வந்து கொஞ்சம் சொல்லிக் குடுக்கறேளா?"

"வர்றேன் சார். வேற டியூஷன் ஏதாவது போறாப்லயா?"

"டியூஷனா? சேச்சே! பிசிக்ஸுக்கு ஒருத்தர் வரார், கெமிஸ்ட்ரிக்கு ஒருத்தர், இங்கிலீஷுக்கு ஒரு லேடி. மத்தபடி அவன் தானாத்தான் படிக்கறான்."

குருபிரசாத் தங்கமான பையன். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான், பாடப் புத்தகத்தைக்கூட. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும் கலை அவனுக்குக் கைவந்திருந்தது. அர்ஜுனன் வகைநுண்கணிதத்தை ஆரம்பித்தால் பையன் முகத்தில் ஒரு தெய்வீக அமைதி வரும். சில வாரங்கள் அதைப் பக்தி என்று அர்ஜுனன் நினைத்திருந்தான்.

ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டான்: "சார், கூட ஒரு பிள்ளை உக்காந்தா தம்பிக்கு ஒரு வேகம் வரும்."

மஹாதேவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "காம்பெடிஷன்! அதான் இத்தனை நாளா மிஸ்ஸிங்!"

மாஸ்டர் வைத்தாயிற்று, ஏ.சி. வைத்தாயிற்று. போட்டி ஒன்றுதான் பாக்கி. அதையும் வைத்தார். சங்க விழாவில் கணக்குக்கு முதல் பரிசு வாங்கிய கவிதா, சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண், அவளும் ப்ளஸ் ஒன். அப்பா சுந்தரம் யார்டில் ஃபிட்டர். ஜாயிண்ட் என்ட்ரன்ஸ் என்ற நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வந்தால் சர்க்கார் காலேஜில் இன்ஜினியரிங். வராவிட்டால் டைப்ரைட்டிங் வகுப்பு, பிறகு மாப்பிள்ளை. நடுவில் வேறு வழி அந்த வீட்டில் இல்லை. சாந்த்ராகாச்சியில் ரயிலேறி, ஹவுராவில் பஸ் பிடித்து, பாலிகஞ்ச் வந்து, குருபிரசாத்துக்குப் போட்டியாக உட்கார்ந்தாள்.

முதல் நாளே பிசிக்ஸ் மாஸ்டரின் மாதிரி வினாத்தாள் கட்டைப் பார்த்து மலைத்துப்போனாள். "சார், இதெல்லாம் காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடையில கிடைக்குமா?"

"கிடைக்காதும்மா. அவர்கிட்ட படிக்கிறவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாரு," என்றான் அர்ஜுனன்.

"எடுத்துக்கோ," என்றான் குருபிரசாத் பெருந்தன்மையாக. "எல்லாம் புதுசு. நான் தொட்டதே இல்ல."

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். குதிரைக்குத் துணையாக ஓட விட்டது முன்னால் போய்விட்டது. மாஸ்டர்கள் எல்லோரும் கவிதாவைப் பார்த்தே பாடம் நடத்தினார்கள், கேள்வி கேட்டால் பதில் வருகிற திசையைப் பார்த்துப் பேசுவது மனித சுபாவம்தானே? கெமிஸ்ட்ரி மாஸ்டர் ஒரு வங்காளி; அவர் "பா! பா!" என்று தொடையில் தட்டிப் பாராட்டியது கூடம்வரை கேட்டது. கூடத்தில் மஹாதேவன் இருந்தார்.

அடுத்த வருடம், நுழைவுத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்க, மாதிரித் தேர்வுகள் தொடங்கும் சமயம், அர்ஜுனனைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு சுயமா படிக்கற ஜாதி. நாம மேல மேல சொல்லிக் குடுத்தா மூளை மழுங்கிடும். இனிமே ஆத்துலயே படிக்கட்டும்."

"அப்ப குருவுக்கு, சார்?"

"அவனுக்கு மழுங்காது. அவனுக்குப் பழகிடுத்து."

பஸ் நிறுத்தத்தில் அர்ஜுனன் இதைச் சொன்னபோது கவிதா, "பரவால்ல சார்" என்றாள். பஸ் வந்தது. ஏறவில்லை. "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாதியில நிக்குது சார். அத மட்டும் முடிச்சுக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றாள். கெமிஸ்ட்ரி அர்ஜுனனுக்கு வராது. கணக்கு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சிக்கே வருகிறேன் என்றான். மஹாதேவனிடம் எதிர்த்துப் பேசும் தைரியம் அவனுக்கு இருந்ததா என்று கேட்காதீர்கள். எம்.எஸ்ஸி.யில் அந்தப் பாடம் இல்லை.

கவிதாவைக் காப்பாற்றியது வேறொரு சக்தி. தூக்கம்.

கவிதா போனதும் எல்லா மாஸ்டர்களின் பார்வையும் ஒரே ஆள்மேல் விழுந்தது. நாள் முழுக்கக் கேள்வி. நாள் முழுக்க விழிப்பு. வாரம் முடிவதற்குள் பையன் கண்ணுக்குக் கீழே கருவளையம். "அப்பா, கவிதா வந்தாதான் எனக்கு கான்சன்ட்ரேஷன் வருது. அவ இல்லன்னா நான் உக்கார மாட்டேன்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வாழ்நாளில் அவன் ஒரு விஷயத்துக்காகப் போராடியது அதுதான்.

"குழந்தை துரும்பா இளைச்சுட்டான். அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கோன்னா!" என்றார் மனைவி பாகீரதி அம்மாள்.

மஹாதேவன் கூப்பிட்டார். "போட்டி இருந்தாத்தான் மூளை வளரும்னு நான் அன்னிக்கே சொன்னேனோல்லியோ?" என்று அர்ஜுனனையே சாட்சிக்கும் இழுத்தார். கவிதா வந்து உட்கார்ந்தாள், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி விட்ட இடத்தில் தொடங்கியது, குருபிரசாத்தின் முகத்தில் தெய்வீக அமைதி திரும்பியது.

ரிசல்ட் வந்தது. கவிதாவுக்கு சர்க்கார் காலேஜில் எலெக்ட்ரிகல் கிடைக்கிற ரேங்க். குருபிரசாத்தின் நம்பரைப் பேப்பரில் பூதக்கண்ணாடி வைத்தும் தேடினார்கள். ஆனால் இரண்டே வாரத்தில் அவனும் கர்நாடகத்தில் ஒரு காலேஜில் சேர்ந்துவிட்டான்.

"அங்க லேசுல இடம் குடுக்க மாட்டா. பார்த்த உடனே குடுத்துட்டா," என்றார் மஹாதேவன்.

எதைப் பார்த்து என்று அர்ஜுனன் கேட்கவில்லை.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் கவிதாவுக்குப் பொன்னாடை. போர்த்தியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. மைக்கைப் பிடித்தார். "இந்தப் பொண்ணுக்கு ஏ.சி. ரூம் இருந்துதா? மாஸ்டர் இருந்தாரா? ஒண்ணும் கிடையாது! தன்னந்தனியா படிச்சு வந்திருக்கா. வசதி இல்ல, வசதி இல்லன்னு அழறவாளுக்கெல்லாம் இவதான் பதில்!"

சுந்தரம் குழம்பிப்போய் அர்ஜுனன் காதருகே குனிந்தார். "என்ன சார் இது? அவரு வீட்டு மாஸ்டருங்கதானே சொல்லிக் குடுத்தாங்க? நன்றி சொல்லலாம்னு மாலையெல்லாம் வாங்கியாந்திருக்கேன். மறந்துட்டாரா?"

"மறக்கலண்ணே. அதச் சொன்னா பேச்சு கெட்டுப்போயிரும்."

கவிதாவிடம் மைக் வந்தது. வங்காளமும் தமிழும் கலந்து, பிசிக்ஸ் மாஸ்டர், கெமிஸ்ட்ரி மாஸ்டர், இங்கிலீஷ் மேடம், அர்ஜுனன் சார் என்று ஒருவர் விடாமல் பெயர் சொல்லி நன்றி கூறி, "மஹாதேவன் மாமா வீட்டுல உக்காந்து படிக்கலன்னா எனக்கு இது கிடைச்சிருக்காது" என்று முடித்தாள். சபை கைதட்டியது. பின் வரிசையில் குருபிரசாத் விசிலே அடித்தான். மஹாதேவன் கண் கலங்கி, பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்: "பார்த்தேளா, என்ன அடக்கம்!"

இப்போது கவிதா ஹைதராபாத்தில் இன்ஜினியர். குருபிரசாத் அப்பா கம்பெனியில் டைரக்டர். மஹாதேவன் இன்னும் வருடம் தவறாமல் பரிசு கொடுக்கிறார். அர்ஜுனன் கல்கத்தாவிலேயே பெஹாலாவில் சொந்த ஃபிளாட் வாங்கி, ஆபீசராகி, "நான்லாம் யார் தயவும் இல்லாம மூளையால வந்தவன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான். மகள் படிப்பைப் பற்றிக் கேட்டால், அது தானாகவே படிக்கிறது என்கிறான்.

உங்கள் பிள்ளையும் தானாகத்தானே படிக்கிறது? இருங்கள், பதில் அப்புறம் சொல்லலாம். வாசலில் பெல் அடிக்கிறது. மாஸ்டராக இருக்கும்.