நாத்தனாருக்குச் சிறுநீரகம் கொடுப்பது குறித்து

தேசிய உறுப்பு மாற்று மருத்துவர் பேரவையின் செயலாளர் டாக்டர் லிஸ் ஓவெலார் அவர்களுக்கு,

பராகுவாரி பேருந்து நிலையத்தில் சிப்பா ரொட்டி விற்கும் சின்ஃபோரியானா வணக்கத்துடன் எழுதுவது. கன்னிமரியாள் அருளால் தாங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள். என்னுடைய இரண்டு சிறுநீரகங்களும் சுகமே. இப்போது அதுதான் தகராறு.

என் நாத்தனார் ஓப்துலியாவுக்கு இரண்டும் பழுதாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் தலைநகர் அசுன்சியோனுக்குப் பேருந்தில் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். என் கணவர் நெமேசியோ இறந்த பிறகும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இருக்கிறோம் என்றால், சமையலறைக்கு நடுவே கோடு போடாத குறைதான். பரிசோதித்ததில் என்னுடையது அவளுக்குப் பொருந்துகிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அறுவை சிகிச்சை டாக்டரோ, "நான் ரெடிம்மா. ஆனா நீங்க ரத்த சொந்தம் இல்ல. பேரவைக் குழு விசாரிச்சு எழுதிக் குடுத்தாத்தான் கத்தியைத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஏழைகளிடம் உறுப்பை விலைக்கு வாங்கக் கூடாது, மிரட்டிப் பிடுங்கக் கூடாது என்றுதான் நாடு முழுவதற்கும் இந்த விதியை வகுத்தீர்களாம். நல்ல விதிதான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக ஏழு மாதமா, அம்மா?

முதலில் நாங்கள் சேர்ந்து இருக்கும் புகைப்படம் கேட்டீர்கள். என் கல்யாணப் படத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அதை அனுப்பினால், வேறு இருக்கிறதா என்று ஒரு கடிதம். வேறு ஏது? பிறகு அக்கம்பக்கத்துச் சாட்சி கேட்டீர்கள். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குப் பொய் வராது. "இவங்க ஒருத்தரை ஒருத்தர் கொன்னுடுவாங்கன்னுல்ல நினைச்சேன், இது புதுசா இருக்கே" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலே ஒரு மாதம் போயிற்று.

போன செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொன்னீர்கள். ஒரு வக்கீல், ஒரு சிறுநீரக டாக்டர், ஒரு மனநல டாக்டரம்மா. எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்கள்.

"இவங்க உங்களுக்கு ஏதாவது குடுத்தாங்களா?" என்று வக்கீல் என்னைக் கேட்டார்.

"குடுத்தா. இருபத்திரண்டு வருஷமா வசவு."

அண்ணியின் சிறுநீரகத்தைப் பெறுவது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஓப்துலியாவைக் கேட்டார்கள். "அண்ணி செய்யற எல்லாத்துலயும் உப்பு தூக்கல். இதுவும் அப்படித்தான் இருக்கும். என்ன பண்றது?" என்கிறாள் அந்தப் புண்ணியவதி! நான் சும்மா இருப்பேனா?

"அப்ப வேணாம்னு சொல்லேண்டி!"

"வேணாம்னு எப்பச் சொன்னேன்? குறை சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

வக்கீல் மேசையைத் தட்டி அடக்க வேண்டியதாயிற்று.

"இவ்வளவு கோவம் இருக்கறப்ப ஏம்மா குடுக்கறீங்க?" என்று மனநல டாக்டரம்மா கேட்டார். உள்ளதைச் சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சிகிச்சை முடிந்து வந்தவள், நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். மறுநாளே பரிசோதனைக்குப் போய்விட்டேன். குறை சொல்லத் தெம்பில்லாத ஓப்துலியாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மூன்று பேரும் குனிந்து எழுதினார்கள். முடிவு தபாலில் வரும் என்றார்கள். தபாலாம்! அவளுக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, அம்மா. மாநாடு நடத்துகிறீர்கள், மலர் வெளியிடுகிறீர்கள், ஒரு கையெழுத்துப் போட ஆள் இல்லையா? இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் சிப்பாக் கூடையோடு உங்கள் வாசலில் வந்து உட்காருவேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். குழுவில் இருப்பவர்களுக்கும், கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
சின்ஃபோரியானா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் தபால் வந்துவிட்டது. அனுமதி! "காசு வாங்கியவரோ பயந்தவரோ எங்கள் முன் இப்படிப் பேசியிருக்க மாட்டார்" என்று மனநல டாக்டரம்மா எழுதியிருக்கிறார். மேலே உள்ளதையெல்லாம் நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்துலியாவுக்குப் படித்துக் காட்டினேன். என் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். தயவுசெய்து இதைக் குழுவிடம் சொல்லிவிடாதீர்கள், அனுமதியை ரத்து செய்துவிடப் போகிறார்கள்.