நான் இணையத்தைத் திருத்திய கதை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மச்சான் சொல்லிவிடுவார். விட்ட பிறகு செய்ததையும் கேளுங்கள். பதினாறு வயதில் இடுப்பில் ஒரு சாரமும் பையில் இரண்டு சேட்டுமாகக் கொழும்புக்கு வந்து, புறக்கோட்டையில் ஒரு மின்சாமான் கடையில் வயர்ச் சுருள் தூக்கினேன். பத்து வருடத்தில் அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். கலவரத்தில் அது எரிந்தது. வெள்ளவத்தையில் மறுபடி போட்டேன். அதற்கு மேலே மூன்று மாடி எழுப்பி, வயரிங் முழுவதையும் என் கையாலேயே செய்தேன். இன்றுவரை அந்தக் கட்டிடத்தில் ஒரு ஃபியூஸ் போனதில்லை. (ஒருமுறை போனது. அது மழையின் பிழை.)

இதற்கெல்லாம் மேலே, இணையத்தையும் ஒருமுறை திருத்தியிருக்கிறேன். அதை மட்டும் என் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

மகள் வாசுகிக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மொனிற்றர் எல்லாம் அரிசிப் பெட்டி அளவில் இருந்த காலம். என் மனைவி பரமேஸுக்கு ஒரே ஓர் அண்ணன், முதலில் சொன்ன அந்த மச்சான், கனடாவில். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்தவர், தமிழ்ப் பண்டிதர். வாசுகி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு அழைப்பிதழில் தாய்மாமனான அவருடைய பேர் விடுபட்டுப் போயிற்று. (அச்சகத்தின் பிழை என்று ஒன்பது வருடமாகச் சொல்லிவந்தேன். எழுதிக் கொடுத்தது நான்தான்.) அன்றைக்கு அறுந்த கதை. "இனி உன்ர புருஷன் தாற கார்ட்டை நான் கையால தொடமாட்டன்" என்று தங்கச்சிக்குச் சொல்லி, போனையும் வைத்துவிட்டார்.

பரமேஸ் எனக்கு ஒரே வசனத்தில் சொன்னாள்: "அண்ணா வராட்டி நான் மணவறைப் பக்கம் வரமாட்டன். நீங்கள் தனிய நிண்டு தாரை வார்த்துக் குடுங்கோ."

இதற்கு வழி கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை சுதன். கம்பியூட்டர் வேலை. "கையால தொடாமப் பாக்கிற கார்ட் ஒண்டு செய்வம் மாமா" என்று இணையத்தில் அழைப்பிதழ்ப் பக்கம் ஒன்று செய்தார். முதல் வரியிலேயே தாய்மாமன் பேர். வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் எல்லோருக்கும் அனுப்புவதாக ஏற்பாடு.

வியாழன் பின்னேரம் எங்கள் வீட்டுக் கம்பியூட்டரில் திறந்தோம். பிள்ளையார் படம் வடிவாக வந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக, யாரோ விசைப்பலகையில் உளுந்து காயவைத்த மாதிரி.

"ஐயோ, அண்ணா இதைப் பாத்தா என்ன நினைப்பார்?" என்றாள் பரமேஸ்.

"அப்பா, சுதனுக்குப் போனில ஒரு கோல் எடுப்பம்" என்றாள் வாசுகி.

"பேய்க்கதை கதைக்காத. தாலி ஏற முதல் மாப்பிள்ளையின்ர வேலையில பிழை பிடிக்கிறதோ? நாப்பது வருஷம் வயரோட கிடந்தவன் நான். இது லூஸ் கனெக்‌ஷன்."

வயரெல்லாம் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். மாற்றமில்லை. பிறகு பிரவுசரின் மேல்பட்டியல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஒன்றுக்குள் எழுத்துக்குறியீடு என்று ஒரு பகுதி. அதற்குள் உலகத்து மொழியெல்லாம் சுவிட்ச் பலகை மாதிரி வரிசையாக நின்றது. நான் விடுவேனா? சீனத்தை அமத்தினேன். ரஷ்யாவை அமத்தினேன். அரபை அமத்திவிட்டு இன்னொன்றையும் தட்ட, பக்கம் முழுக்க வலப்பக்கம் போய் ஒதுங்கியது. பிள்ளையாரும் கூடவே போனார்.

"சாமியை எங்கை அனுப்பிப் போட்டியள்?" என்று பரமேஸ் கத்தினாள்.

ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எங்களுக்குப் பில் புத்தகம் அடிக்கிற அச்சகத்தில் தமிழ் எழுத்து இருக்கிற பிளொப்பி ஒன்றை வாங்கி வந்தேன். அதை ஏற்றி, பட்டியலின் அடியில் இருந்த 'பயனர் வரையறுத்தது' என்பதை அமத்தி, அதற்கு இந்த எழுத்தைத் தெரிவுசெய்துவிட்டேன். பளிச்சென்று தமிழ்! தாய்மாமன் பேர் மணிமணியாக. மொனிற்றருக்குக் கற்பூரம் காட்டினேன்.

"அனுப்பு பிள்ளை. உலகம் முழுக்கத் திருத்தியாச்சு" என்றேன்.

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். கட்டிடத்தின் மெயின் பெட்டியில் கை வைத்தால் எல்லா மாடிக்கும் வெளிச்சம் வரும், இல்லையா? லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் எல்லா இடத்துக்கும் நான் வெளிச்சம் கொடுத்துவிட்டேன் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். என் வீட்டு மொனிற்றரைத் தவிர வேறெங்கும் ஒரு பல்பும் எரியவில்லை என்பது எனக்கெப்படித் தெரியும்?

எனக்குச் சாட்சியும் கிடைத்தது. அன்றிலிருந்து எந்த ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தாலும் தமிழ் எழுத்தில் வந்தது. கிரிக்கெட் செய்தி தமிழில். ஈமெயில் பெட்டி தமிழில். ஒரு சொல்லும் விளங்கவில்லை. (செந்தமிழ், எட்டாம் வகுப்புக்கு விளங்காது என்று எடுத்துக்கொண்டேன். வெட்கத்தில் யாரிடமும் கேட்கவுமில்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பழக்கத்தில் தெரியும். வாசுகி சேலைக்கடை, நகைக்கடை என்று அலைந்ததில் கம்பியூட்டர் பக்கமே வரவில்லை.)

நாலாம் நாள் மச்சானிடமிருந்து ஈமெயிலில் கடிதம் வந்தது. முதல் சொல் 'னுநயச'. அதற்குப் பிறகு எட்டு வரி, எல்லாம் அதே மாதிரிக் கடுமையாக. எனக்கு விளங்கிவிட்டது. பண்டிதர் செய்யுளில் திட்டியிருக்கிறார்!

"அண்ணா என்ன எழுதியிருக்கிறார்?" பரமேஸ் பின்னால் வந்து நின்றாள்.

"பொம்பிளையள் கேக்கக்கூடாத சொல்லுகள்."

"வாறாரோ இல்லையோ?"

"இந்தத் தமிழைப் பாத்தாத் தெரியேல்லையோ? வரமாட்டார்."

அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், தான் மணவறைக்கு உடுக்க எடுத்துவைத்த பட்டுச் சேலையை அலுமாரியில் பூட்டிவிட்டாள். நான் பதிலெழுதாமல் இருந்தேன். மானஸ்தன் அல்லவா?

கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கப் பொன்னுருக்கு. கொட்டாஞ்சேனையில் மாப்பிள்ளை வீட்டில், ஆசாரியார் தாலிப் பொன்னை உருக்க, இரண்டு பக்கத்துச் சனமும் சுற்றி இருந்தது. "மாமன்காரன் எங்கை?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே கடிதத்தை அச்செடுத்துச் சேட்டுப் பைக்குள் வைத்திருந்தேன்.

"இந்தாங்கோ, படிச்ச மனுஷன் எழுதின சீரைப் பாருங்கோ!" என்று விரித்தேன்.

தாள் கை மாறியது. எல்லாரும் நெற்றியைச் சுருக்கினார்கள். ஒரு பெரியவர், "கடுந்தமிழ்தான்" என்று தலையாட்டினார். (அவருக்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.) சுதனின் கையில் தாள் போனது. அவர் ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார்.

"மாமா, இது இங்கிலீஷ்."

ஆசாரியாரின் ஊதுகுழலும் நின்றது.

"உங்கட பிரவுசர் இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கு. தமிழ் எழுத்து ஏத்தாத கம்பியூட்டரில என்ர பக்கம் வெறும் கமாதான். அப்ப அழைப்பிதழை நீங்கள்..." என்று தொடங்கியவர், மேலே கேட்காமல் அறைக்குள் போய்த் தன் கம்பியூட்டரில் எங்கள் ஈமெயில் பெட்டியைத் திறந்து தமிழாக்கி வாசித்தார். கதவு திறந்திருந்தது. சனம் முழுக்கக் கேட்டது. 'அன்புள்ள தங்கச்சிக்கு. என்னிடம் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பியதில் ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. பரவாயில்லை. அதில் என் பேர் இருக்கிறதா? இருக்கிறது என்று ஒரு சொல் எழுது, வருகிறேன்.'

பரமேஸ் என்னைப் பார்த்த பார்வையில் தாலிப் பொன் தானாகவே உருகியிருக்கும்.

சுதன் வீட்டுப் போனில் கனடாவுக்கு எடுத்தேன். அங்கே அதிகாலை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"ஆர்?"

"நான்தான் மச்சான். உங்கட பேர் இருக்கு. முதல் வரியிலேயே இருக்கு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பட்டத்தோடயோ?"

"பண்டிதர் எண்டு போட்டுத்தான்."

"அப்ப சரி. போனை வை, டிக்கெட் எடுக்கவேணும்."

கலியாணத்துக்கு முதல் நாள் வந்து இறங்கினார். பரமேஸ் அலுமாரியைத் திறந்து அந்தப் பட்டை உடுத்து மணவறைக்கு வந்தாள். விருந்தில் மச்சான் மைக்கைப் பிடித்து, தான் அச்செடுத்து வந்த அழைப்பிதழை அரைப்புள்ளி, கமா உட்பட ராகத்தோடு வாசித்தார். லண்டனிலிருந்து வந்தவர்களும் ஆளுக்கொரு தாளை எடுத்து நீட்டினார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் என் பேர் 'சின்னப் பண்டிதர்'. தண்ணீர் பில் வந்தாலும் "சின்னப் பண்டிதரிட்டைக் குடுங்கோ, செந்தமிழாக்கட்டும்" என்கிறார்கள். இப்போது பேரப்பிள்ளைகளும்.

சிரிக்கட்டும். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். அந்தப் பக்கம் ஒழுங்காகத் திறந்திருந்தால் மச்சான் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார். வாசிக்க முடியாததால்தான் கடிதம் எழுதினார். ஒன்பது வருடக் கோபத்தை முடித்தது யார்? அந்தப் பக்கத்தை வாசுகி இன்னமும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். அடியில் 'வடிவமைப்பு: சுதன்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே 'திருத்தம்' என்று போட்டு என் பேர் வரவேண்டும். இனிஷியலோடு, முழுப்பேர். கனடாவிலும் வாசிக்கக்கூடிய எழுத்தில்.